நிரம்பி வழிந்த காபரேற்றர்

நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொட்டு. கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.

காபரேற்றரின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் கீழே இறங்கும். அதன் நுனியில் பெற்றோல் திரண்டு, சீமெந்துத் தரையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே பரவிக் காய்ந்தது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளம், வாகனங்கள் விடும் இடம். காலை ஏழு மணி இருக்கும். கடற்கரைப் பக்கமாக ரயில் ஒன்று போனது.

பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் கதிரையில் இவர், என் கணவர், இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் மோட்டச் சைக்கிளைக் காட்டினார்.

"தண்ணி," என்றார்.

போத்தலைத் திறந்து வாயருகே பிடித்தேன். தட்டிவிட்டார். போத்தல் உருண்டு பக்கத்துக் காருக்குக் கீழே போனது.

"தண்ணி!"

"என்னப்பா இது? கேக்கவும் கேக்கிறீங்கள், தந்தால் தட்டியும் விடுறீங்கள்."

வாசல் காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பெட்ரல் கந்தய், மிஸ்," என்றார் சிங்களத்தில். மணக்கிறது என்று மேல்மாடிக்காரர்கள் முறையிட்டிருக்கிறார்களாம். "அத ஹதனவா," என்றேன். இன்றைக்குத் திருத்துகிறேன் என்று மூன்று வாரமாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவர் இடது கையை மேலே தூக்கி ஆட்டினார். வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார் என்று நினைத்தேன். கைத்தாங்கலாக எழுப்பி, லிப்டில் மூன்றாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் என் கையை உதறிக்கொண்டே வந்தார். நோய் வருத்தம் வந்த பிறகு கோபம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரேயொரு சொல்

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் என் கணவரைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். எதையும் ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாம் தடவை கேட்டால் ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குப் பயந்து முதல் தடவையிலேயே காதைக் கொடுத்துக் கேட்கிற ஆட்கள் களஞ்சியத்தில் பலர் இருந்தார்கள்.

ஒரு காலை முகம் வழித்துக்கொண்டு நின்றவரின் கையிலிருந்து சவரக்கத்தி விழுந்தது. பாரிசவாதம். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் முதலாவது சொல் வந்தது. தண்ணி. தாதிமார் கை தட்டினார்கள். நான் அழுதேன். தண்ணீர் கொடுத்தோம், குடித்தார்.

அதற்குப் பிறகு எல்லாமே தண்ணி. ஃபானைப் போடச் சொல்வதும் தண்ணி. யன்னலைச் சாத்தச் சொல்வதும் தண்ணி. என் பெயரும் அதுதான். மூளையில் பேச்சுக்குரிய இடம் அடிபட்டவர்கள் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொள்ளும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை சொன்னாள். படங்களை வைத்து, சீப்பு எது, கோப்பை எது என்று கேட்டாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் தடவையும் கேட்டாள். அப்போதும் சுவர்தான்.

"எவ்வளவு விளங்குது எண்டு இப்ப சொல்ல ஏலாது அன்ரி," என்றாள்.

அதை நான் என் வசதிக்கு மாற்றி எடுத்துக்கொண்டேன். விளங்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஏன் மோட்டச் சைக்கிள்

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிறவள். காலை எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை வேலை. அந்த நேரத்தில் இவரைப் பார்த்துக்கொள்வது எதிர்வீட்டு ரிஸ்வானா. அவளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்றரைக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் போய் எடுக்கவேண்டும்.

பஸ்ஸில் வந்தால் காலி வீதி நெரிசலில் இரண்டேகால் ஆகும். மோட்டச் சைக்கிளில் வந்தால் ஒரு மணிக்கு வீட்டில் நிற்பேன். வேலையையும் விடாமல் இவரையும் வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு எனக்கு இருந்த ஒரே வழி அந்தப் பழைய ஜப்பான் வண்டி.

இவர்தான் இருபத்திரண்டு வருடம் அதை ஓடினார். நான் பின்னால் இருந்து போனேன். வருத்தம் வந்து மூன்றாம் மாதம், கொழுவியில் தொங்கிய வண்டித் திறப்பை நான் எடுத்தேன். ஐம்பத்தைந்து வயதுப் பெண் சேலையை விட்டுச் சல்வார் போட்டுக்கொண்டு கியர் வண்டியில் போவதைத் தொடர்மாடிச் சனம் யன்னலால் பார்த்தது. இரண்டு கிழமையில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

சூப்பிப் போத்தல்

எனக்கு மோட்டச் சைக்கிள் ஓடத் தெரியும் என்பது பலருக்கு ஆச்சரியம். அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்கள் சில இருந்தன. அப்போது நான் ஒரு மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். தீவுப் பக்கத்து நிலையம் ஒன்றுக்குக் கிழமைக்கு இரண்டு தடவை மருந்துப் பெட்டி கொண்டுபோகவேண்டும். கொண்டுபோனவர் ஒருநாள் ஊரைவிட்டுப் போய்விட்டார். வண்டி நின்றது. பெட்டியும் நின்றது. மற்ற எல்லோரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். எனக்குக் காரணம் ஒன்றும் கைவசம் இருக்கவில்லை.

அந்தக் காலத்து மோட்டச் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் பற்றாது. ஆகவே பிள்ளைகள் பால் குடிக்கும் சூப்பிப் போத்தல் ஒன்றைக் கைபிடியில் கட்டி, அதற்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, சேலைன் குழாயால் காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாக விடுவோம். எஞ்சின் பற்றிச் சூடானதும் சொட்டை நிறுத்தி மண்ணெண்ணெயைத் திறப்போம். எத்தனையாவது சொட்டில் பற்றும் என்று காலால் உதைக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் தலைமயிரெல்லாம் குப்பி விளக்கு மணம்.

கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த முதல் கிழமை இதை இவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "அப்ப ஏறுங்கோ பின்னால," என்றேன். ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசிவரைக்கும் ஏறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காபரேற்றரைக் கழற்றும்போது, பக்கத்தில் இருந்து சாமான் எடுத்துக் கொடுக்க என்னை மட்டும்தான் கூப்பிடுவார்.

மூன்று ஊசிகள்

வண்டி வழியத் தொடங்கியது வெயில் கொதித்த சித்திரை மாதத்துக்குப் பிறகு. முதலில் கறுப்புப் புகை. பிறகு சூடான எஞ்சினை நிறுத்தினால் திரும்பப் பற்றாது. பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்து, நனைந்து இருக்கும். பிறகு அந்தக் குழாயில் சொட்டு.

டிஸ்பென்சரிக்குப் பின் ஒழுங்கையில் வண்டி திருத்தும் பாஸ் ஒருவர், தியாகு, கடை வைத்திருக்கிறார். ஹற்றன் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். இவரின் வண்டியைப் பத்து வருடமாகத் தெரிந்தவர். அவரிடம் விட்டேன்.

காபரேற்றருக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். கக்கூஸ் தொட்டியில் இருப்பதுபோல அதற்குள் ஒரு மிதப்பு. பெற்றோல் ஏற மிதப்பும் ஏறும். ஏறியதும் அதில் கொழுவியிருக்கும் ஊசி போய், பெற்றோல் வரும் துவாரத்தை அடைக்கும். ஊசி சரியாக அடைக்காவிட்டால் கிண்ணம் நிரம்பி வழியும்.

தியாகு ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கூரில் மோதிரம்போல ஒரு தேய்மானம். "இதாங்க மிஸ், ஊசி தேஞ்சிருச்சு." புதிது போட்டார். ஆறு நாள் நன்றாக ஓடியது. ஏழாம் நாள் வழிந்தது.

இரண்டாம் தடவை மிதப்பைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். ஓட்டை விழுந்து உள்ளே பெற்றோல் போயிருந்தால் சலசலக்குமாம். சத்தம் இல்லை. கொதிநீரில் அமுக்கினார், குமிழியும் வரவில்லை. மிதப்பின் உயரத்தைச் சரிசெய்து, இன்னொரு ஊசி போட்டார். ஐந்து நாள்.

மூன்றாம் தடவை பெற்றோலைத் திறந்து மூடும் தட்டியின் வாசர்கள், ஊசி உட்காரும் இடம், குழாய், எல்லாம் பார்த்தார். கொஞ்சம் துரு இருந்தது என்றார். பழைய வண்டியென்றால் இருக்கும்தான். மூன்றாவது ஊசி.

"மிஸ், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. வண்டிக்கு வயசாகிருச்சு. குடுத்துட்டு ஒரு ஸ்கூட்டி எடுங்க."

அவரில் பிழை சொல்ல மாட்டேன். கொட்டாஞ்சேனையில் வைத்துப் பார்த்தபோது வண்டி நன்றாகத்தான் இருந்தது. வெள்ளவத்தையில் அதற்கு என்ன நடக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

நாற்பது நிமிடம்

மூன்றாவது ஊசியும் வழியத் தொடங்கிய கிழமை, வியாழக்கிழமை கொள்ளுப்பிட்டிச் சந்தியில் வண்டி நின்றது. உதைத்தேன். இன்னும் உதைத்தேன். பெற்றோல் மணம்தான் வந்தது. ஓரத்துக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, வெயிலில் காயவைத்து, தட்டியை மூடிவிட்டு மறுபடி உதைத்தேன். பற்றவில்லை. ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன்.

ரிஸ்வானாவுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"அக்கா, எனக்கி இனி நிக்க ஏலா. மகள் ஸ்கூல் கேட்டடியில தனிய நிப்பா."

"நீங்கள் போங்கோ. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ. நான் வந்துட்டன்."

வந்துவிட்டேன் என்று நான் சொன்னபோது ஓட்டோ பம்பலப்பிட்டியில் அசையாமல் நின்றது.

நாற்பது நிமிடம் இவர் தனியே இருந்திருக்கிறார். கதவைத் திறந்தபோது கதிரைக்கும் யன்னலுக்கும் இடையில் தரையில் கிடந்தார். நெற்றி வெடித்திருந்தது. இடுப்புச் சாரம் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை.

நெற்றியில் நான்கு தையல். பின்னேரம் ரிஸ்வானா வந்து வாசலில் நின்று அழுதாள். அவளைத் தேற்றவேண்டியதாயிற்று.

அடுத்த நாள் கனடாவிலிருந்து இவரின் தம்பி குகன் வீடியோவில் வந்தார். பாசமான ஆள். கிழமைக்கு ஒருமுறை தவறாமல் எடுப்பார்.

"அண்ணி, உங்களால ஏலாது. நான் கல்கிசையில ஒரு பராமரிப்பு இல்லம் விசாரிச்சு வைச்சிருக்கிறன். நல்ல ஆக்கள். படிவம் அனுப்புறன். அவருக்கு எங்க இருந்தாலும் ஒண்டுதானே அண்ணி. விளங்கப்போகுதே?"

போன் மேசையில் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் மேசைக்கு அந்தப் பக்கம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

படிவம் வந்தது. ரிஸ்வானாவின் வீட்டில் பிரதி எடுத்து நிரப்பினேன். எட்டாவது கேள்வி: சொல்வதை விளங்கிக்கொள்வாரா? ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. 'இல்லை'யில் அடையாளம் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை.

ஜாம் போத்தல்

படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. தியாகுவின் கடை பூட்டு. கொள்ளுப்பிட்டியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த வண்டி கீழ்த்தளத்தில் வழிந்துகொண்டு நின்றது. காவலாளி மறுபடி வந்து, இன்றைக்குள் வண்டியை அகற்றாவிட்டால் கொமிட்டி ஆட்கள் தூக்கி வெளியே வைப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதற்கும் ஒருமுறை நானே பார்ப்போம் என்று இறங்கினேன். இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மேலே தனியே விடப் பயம், வேறு காரணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் செய்யும் ஒழுங்கு எனக்கு ஞாபகம் இருந்தது. பெற்றோல் தட்டியை மூடினேன். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றது. திறந்தேன். மறுபடி சொட்டியது. ஆகவே தட்டி சரி, கிண்ணத்துக்குள்தான் ஏதோ பிழை. ஸ்குரூட்றைவரின் பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினேன். ஊசி சிக்கியிருந்தால் அப்படித் தட்டும்போது விடுபடும். சொட்டு குறைந்தது, நிற்கவில்லை.

தட்டியை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகாணியை இளக்கினேன். வழக்கமாக ஒரு பழந்துணியில் வடியவிடுவோம். அன்றைக்குத் துணி மேலே இருந்தது. காவலாளியின் மேசையில் கழுவிக் கவிழ்த்த ஜாம் போத்தல் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, அதற்குள் பிடித்தேன்.

போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.

பெற்றோலுக்கு அடியில் கண்ணாடி உருண்டைபோல ஏதோ உருண்டது. ஆட்டினேன். நாலாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. அதைச் சுற்றி மண்ணிறத் தூள்.

இத்தனை வருடமாக மருந்து கலக்குகிறேன். கலக்காத இரண்டு திரவம் ஒரே போத்தலில் எப்படி நிற்கும் என்று எனக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை.

"தண்ணி," என்றார் இவர்.

சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

திரும்பிப் பார்த்தேன். இடது கை மேலே போனது. வழக்கம்போல. நான் முதல் தடவையாக அவரைப் பார்க்காமல், கை காட்டிய இடத்தைப் பார்த்தேன்.

இரண்டாம் மாடி யன்னலுக்கு வெளியே ஒரு ஏஸிப் பெட்டி. சித்திரை வெயிலுக்குப் புதிதாகப் பூட்டியது. அதிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் சுவரோடு இறங்கி, வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் அந்தரத்தில் முடிந்தது. அதன் வாயில் நீர் திரண்டது. விழுந்தது. எங்கள் வண்டியின் பெற்றோல் தாங்கி மூடியில் 'டக்' என்று பட்டது.

திறப்பைப் போட்டு மூடியைத் திறந்தேன். மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் நீர் தேங்கி நின்றது. அது வடியவேண்டிய சின்னத் துவாரம் புழுதியால் அடைபட்டிருந்தது. மூடியின் அடி ரப்பர் வெடித்து, பல்லுப் பல்லாக இருந்தது. அதன் வழியே நாள் முழுக்க, சொட்டுச் சொட்டாக, தாங்கிக்குள். உள்ளே துரு. துரு வந்து ஊசிக்கு அடியில். தியாகு எத்தனை ஊசி போட்டாலும் ஒரு கிழமையில் புதுத் துரு வந்துவிடும்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதையோ இவ்வளவு நாளும் சொன்னீங்கள்?"

களஞ்சியத்தில் இரண்டாம் தடவை கேட்பவனைப் பார்க்கும் பார்வை ஒன்று இருந்தது என்று சொன்னேனே. எட்டு மாதத்துக்குப் பிறகு அதைப் பார்த்தேன்.

எல்லாத் தண்ணியும் தண்ணீர் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. ஃபானுக்கும் அவர் அதே சொல்லைத்தான் சொன்னார், இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் மூன்று வாரமாகத் தாங்கியைக் காட்டி, மேலே காட்டி, நான் நீட்டிய போத்தலைத் தட்டிவிட்டுச் சொன்னது, எந்தத் திருத்துநரும் கண்டுபிடிக்காத ஒரு பழுது. அதைச் சொல்வதற்கு அவரிடம் இருந்த ஒரே சொல், தற்செயலாகச் சரியான சொல்லாகவும் இருந்தது. அப்படியும் எனக்குக் கேட்கவில்லை.

எட்டாவது கேள்வி

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் படிவத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். வாசிக்க அவருக்குச் சிரமம். ஆகவே ஒவ்வொரு கேள்வியாக நான் வாசித்தேன். பெயர். வயது. தானாகச் சாப்பிடுவாரா. கேட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டு. சொல்வதை விளங்கிக்கொள்வாரா? இல்லை."

சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இருவருக்கும் நிறுத்த முடியாமல் போய், ரிஸ்வானா கதவைத் தட்டினாள்.

"என்ன அக்கா? நானாக்கு என்ன செஞ்சிச்சி?" இவர் அவளுக்கு நானா, அண்ணன் முறை.

"ஒண்டுமில்லை. பகிடி ஒண்டு."

நான்கு நாள் கழித்துக் குகன் எடுத்தார். படிவம் கொடுத்தாயிற்றா என்று கேட்டார்.

"இல்லை. அண்ணா பக்கத்தில இருக்கிறார். அவரிட்டையே கேளுங்கோ."

"என்ன அண்ணி, விளையாடுறீங்களோ?"

"விளையாடேல்லை. அவருக்கு விளங்குது. எல்லாம் எண்டு நான் சொல்லேல்லை. நிறைய விளங்குது. கேளுங்கோ."

போனை இவருக்கு நேரே பிடித்தேன். குகனின் முகம் திரையில் சின்னப் பிள்ளையின் முகம்போல ஆகியது.

"அண்ணா," என்றார். "நான் குகன். உங்களுக்குக் கல்கிசைக்குப் போக விருப்பமோ?"

இவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். ஒரு தடவைதான். குகன் போனை அப்படியே வைத்துவிட்டு எங்கோ எழுந்து போனார். வெறும் கதிரையைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். இல்லத்தைப் பற்றி அவர் பிறகு கதைக்கவில்லை.

தியாகு தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தார். தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. "ஐயாவா கண்டுபிடிச்சாரு?" என்று கேட்டார். "ஓம்," என்றேன். தாங்கியைத் திரும்பவும் கழுவினார். மூடிக்குப் புது ரப்பர் போட்டார். ஸ்கூட்டிக் கதையை எடுக்கவில்லை. ஏஸி வீட்டுக்காரர் குழாயை நீட்டி வாய்க்காலுக்குள் விட்டார். நல்ல மனிதர், மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு

எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே முடித்திருக்கலாம். ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது.

அவருக்கு விளங்குகிறது என்று தெரிந்த பிறகு, எட்டு மாதமாக அவர் முன்னால் என்னென்ன கதைத்தோம் என்று பின்னோக்கிப் பார்க்கத் தொடங்கினேன். குகனின் ஸ்பீக்கர் போன் மட்டுமல்ல. பார்க்க வந்த சொந்தக்காரர் கட்டிலடியில் நின்று சொன்னவை. அக்கம்பக்கத்தாரிடம் நான் புலம்பியவை. வீதியில், டிஸ்பென்சரியில், மருந்தை அளந்து ஊற்றும்போதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டாம் மாதம். படுக்கைத் துணியை அன்றைக்கு மூன்றாம் தடவை மாற்றிவிட்டு, கட்டில் விளிம்பில் இருந்து யாழ்ப்பாணத்துத் தங்கச்சியோடு போனில் கதைத்தேன். இவர் என் முதுகுக்குப் பின்னால் படுத்திருந்தார். நான் சொன்னது இது: "வருத்தம் வந்த அண்டைக்கே போயிருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அடுத்த ஞாயிறு கீழே இறங்கினோம். துரு இன்னும் வருகிறதா என்று பார்க்கக் காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது. கிண்ணத்தைப் பிடிக்கும் ஸ்குரூக்கள் நான்கும் உருண்டு போகாமல் இருக்க அவர் இடது உள்ளங்கையில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து இறுக்கினேன். மூன்று இறுக்கியானது.

அப்போது கேட்டேன். எழுந்து முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. வண்டிக்குக் கீழே குனிந்தபடியே கேட்டேன்.

"தங்கச்சியோட போனில ஒருநாள் ஒண்டு சொன்னனான். உங்களுக்கு அண்டைக்குக் கேட்டதோ?"

நிமிர்ந்து பார்த்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, ஒருமுறை, தலையை அசைத்தார்.

கேட்டிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நான் அண்டைக்கு..." என்று தொடங்கி, அந்த வசனத்தை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல் நின்றேன். பேசமுடிந்தவள் நான்தான். சொல் இல்லாமல் நின்றவளும் நான்தான். வீதியில் பாண் விற்கும் ஓட்டோ ஒன்று பாட்டை ஒலிக்கவிட்டுக்கொண்டு போனது. காவலாளி பத்திரிகையைத் திருப்பினார்.

இவர் இடது கையை என் பக்கம் நீட்டி விரித்தார். நாலாவது ஸ்குரூ அதில் இருந்தது. நெடுநேரம் பொத்திப் பிடித்திருந்ததால் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது.

எடுத்தேன். சூடாக இருந்தது. அதையும் இறுக்கினேன். பெற்றோலைத் திறந்துவிட்டு, அவர் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். இரண்டு பேருமாகக் குழாயின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் இருக்கும்.

ஒரு சொட்டும் விழவில்லை.